கண்டிச் சிறைக்குள் ஒரு மடம்

1692 ஆம் ஆண்டு புத்தளத்தில் இருந்து கண்டிக்குப் புறப்பட்ட ஒருவர், தலைநகருக்குள் சுதந்திரமாகக் கால் வைக்கும் முன்பே பிடிக்கப்பட்டார். ஒரு வியாபாரியோடு சேர்ந்து வந்திருந்தார். சொந்த ஊரில் இருந்தே கூட வந்த உதவியாளர் யோவானும் உடன் இருந்தார். மூவரையும் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற சந்தேகம்தான் காரணம். அப்போது அவருக்கு 41 வயது. பெயர் யோசேவாஸ். குரு.

சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்படுவது என்றால் என்ன என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கண்டி என்றதும் எங்களில் பலருக்குத் தலதா மாளிகைக்கு முன்னால் நினைவுக்கு வருவது போகம்பறைச் சிறைதான். 1876 இல் ஆங்கிலேயர் கட்டிய அந்தச் சிறை 2014 தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பு வடக்கில் இருந்து எத்தனை தாய்மார் இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலைக் குளிரில் அதன் வாசலில் சாப்பாட்டுப் பொதியோடு நின்றிருப்பார்கள். யோசேவாஸ் அடிகளாரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வாசலை நினைத்துத்தான். புனிதர்கள் பற்றிய சின்னப் புத்தகங்களில் வரும் அற்புதங்கள் எனக்கு இரண்டாம் பட்சம். விடுதலை நாள் குறிக்கப்படாத ஒரு தடுப்புக்காவலில் இந்த மனிதர் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழித்தார் என்பதே என் கேள்வி.

அவர் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாவ்லிம் ஊரில், தாயின் வீட்டில் பிறந்தவர். தந்தையின் ஊர் சான்கோலே. கொங்கணி தாய்மொழி. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் படித்து 1676 இல் குருவானார். அடுத்த ஆண்டு, 1677 ஓகஸ்ட் 5 அன்று, தன்னை மரியாளின் அடிமையாக எழுதிக்கொடுத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். அடிமை வியாபாரம் நடந்துகொண்டிருந்த கோவாவில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளைப் பத்திரம் எழுதியவர் அறியாமல் இருந்திருக்க மாட்டார்.

அக்காலத்தில் கோவாவில் இருந்த ஐரோப்பியத் துறவறச் சபைகள் உள்ளூர் மனிதர்களைத் தங்கள் மடங்களில் சேர்ப்பதில்லை. ஞானஸ்நானம் பெறலாம், குருவாகவும் ஆகலாம், ஆனால் மடத்துக் கதவு திறக்காது. அதனால் பழைய கோவாவில் அற்புதச் சிலுவை ஆலயத்தை ஒட்டி உள்ளூர்க் குருக்கள் சிலர் தாங்களே ஒன்றுகூடி வாழத் தொடங்கினார்கள். 1685 செப்டெம்பரில் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார், விரைவிலேயே தலைவருமானார். உரோமாபுரியில் புனித பிலிப்பு நேரி தொடங்கிய ஒரட்டோரியன் சபையின் முறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மடம் என்று சொன்னாலும், மற்றத் துறவிகளைப் போல வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. குருக்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே நேரத்தில் எழுந்து, சேர்ந்து தியானித்து, சேர்ந்து சாப்பிட்டு, மாலையில் அன்றைய நாளைத் திருப்பிப் பார்த்து ஆன்ம சோதனை செய்யும் வாழ்க்கை. நேர ஒழுங்குதான் அந்த வீட்டின் சுவர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நிறத்தின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அமைத்த அந்தச் சபையும் பிராமண குலத்துக் குருக்களின் சபையாகவே இருந்தது. ஒரு கதவு மூடப்பட்டதைக் கண்டவர்கள் இன்னொரு கதவை மூடினார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதுக் கதை அல்ல.

அடிகளார் அந்த வீட்டிலே அமர்ந்துவிடவில்லை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக அங்கே பூசை வைக்க ஒரு குரு இல்லை என்பது அவரைத் தூங்க விடவில்லை. 1687 இல் தூத்துக்குடியில் இருந்து கடல் கடந்து, கூலியாள் போல வேடமிட்டு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தை அடையும்போது கடும் வயிற்றோட்டம். அவரும் யோவானும் சாகக் கிடந்ததாகவும், ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியதாகவும் சரிதங்கள் சொல்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வரலாறுகள் பெரும்பாலும் இப்படித்தான்.

குணமானதும் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்ததும் எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அப்படித்தான் கண்டுபிடித்தார். தமிழைப் படித்தார். சில்லாலைதான் அவருக்கு ஒளிவிடமும் பணித்தளமும் ஆனது. இரவில் பூசை, விடியும் முன் வேறு வீடு. நத்தார் முன்னிரவு ஒன்றில் ஒல்லாந்தப் படையினர் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளைச் சுற்றிவளைத்தார்கள். அடிகளார் தப்பினார். பிடிபட்ட மக்கள் அடியும் சிறையும் பட்டார்கள், சிலர் அதிலேயே இறந்தார்கள். தன்னைத் தேடி வந்தவர்கள் தன் மக்களை வதைத்தார்கள் என்ற நினைவோடுதான் அவர் 1690 அளவில் புத்தளத்துக்குப் போனார். புத்தளம் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டது, அங்கே ஒல்லாந்தரின் கை எட்டாது. அங்கிருந்து கண்டிக்குப் போக முயன்றபோதுதான் இந்தக் கைது.

கண்டி இராச்சியம் அந்நியரைப் பிடித்து வைப்பதில் பேர் போனது. கொட்டியாரத்தில் 1660 இல் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ் 1679 இல் தப்பும் வரை மலைநாட்டிலே இருந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தால் உலகத்துக்கு அது தெரிந்தது. அங்கே எல்லோரும் இருட்டறைக்குள் அடைக்கப்படவில்லை. ஊருக்குள் இருக்கலாம், ஆனால் வெளியேற முடியாது. மலைகளும் காடுகளும் கடவைகளும்தான் மதில். அடிகளாரை ஒற்றர் என்று காட்டிக்கொடுத்தவராகச் சரிதங்கள் சொல்லும் லனெறோல் என்ற பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் அங்கே வந்தவர். 1672 இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தபோது அரசனிடம் தூது போய், திரும்ப விடப்படாமல் கண்டியிலேயே நின்றுவிட்டவர். கல்வினிய மதத்தைச் சேர்ந்த அவருக்குக் கத்தோலிக்கக் குருவைப் பிடிக்காது. ஒரு கைதி இன்னொரு கைதியைக் காட்டிக்கொடுத்தார். தடுப்பு முகாம்களை அறிந்தவர்களுக்கு இதிலும் புதுமை இல்லை.

முதல் நாட்களில் கடும் காவல். பிறகு கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தது. அடிகளார் செய்த முதல் காரியம் விடுதலைக்கு மனுப் போடுவதல்ல, சிங்களம் படிப்பது. காவலர்கள் பேசும் மொழி அது. இரண்டாவது காரியம், காவல் எல்லைக்குள்ளேயே ஓலையால் ஒரு குடிசை, ஒரு பீடம், ஒரு சிலுவை. கோவாவில் விட்டுவிட்டு வந்த வீட்டின் ஒழுங்கை யோவானும் அவருமாக இரண்டே பேரோடு அங்கே திரும்பத் தொடங்கினார்கள். கண்டியில் ஏற்கெனவே இருந்த கத்தோலிக்கர், போர்த்துக்கேயர் காலத்தில் சிறைப்பட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும், மெல்ல மெல்ல அந்தக் குடிசையைத் தேடி வந்தார்கள்.

கடந்த டிசம்பரில் சில நாட்கள் அம்பிட்டியப் பக்கம் தங்கினேன். கண்டி நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. நுவரெலியாவோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல என்று கண்டிக்காரர் சிரிப்பார்கள். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றின் தூறல் விடாமல் பெய்து, ஹந்தானை மலையில் மூடுபனி இறங்கி, காலை நான்கு மணிக்கு அந்த ஈரம் போர்வைக்குள் வரும்போது, வன்னி வெயிலில் வளர்ந்த எனக்கு அது குளிர்தான். கோவாக் கடற்கரையில் பிறந்து, ஒட்டிய வயிற்றோடு ஓலைக் குடிசையில் படுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடி விழித்துக் கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு துறவியின் நாள் தொடங்கும். கத்தோலிக்கக் குரு ஒருவருக்குக் கட்டளைச் செபம் என்று ஒன்று உண்டு. விடிவதற்கு முன், விடிந்ததும், நடுப்பகலில், பொழுது சாயும்போது, படுக்கப் போகும்முன் என்று நாளைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சங்கீதங்களை வைத்திருக்கிறார்கள். மடத்தில் மணி அடித்து நினைவூட்டுவார்கள், சிறையில் மணி இல்லை. சேவல் கூவுவதையும் காவல் மாறுவதையும் நிழல் விழும் இடத்தையும் வைத்துத்தான் நேரத்தைக் கணிக்க வேண்டும். தடுப்பில் இருந்து வந்த ஒருவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது. அடியை விட மோசமானது நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, செவ்வாயா வியாழனா என்று தெரியாமல் போவது என்றார் அவர். அவரும் சுவரில் கீறி நாள் எண்ணியவர். அடிகளாரின் ஒழுங்கைப் பக்தி என்று மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பவனை முழுவதுமாக அடைத்து வைக்க முடியாது.

1692 இன் நத்தார் அவருக்குக் காவலில் வந்தது. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம், காத்திருப்பின் காலம். டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளில், மாலைச் செபத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்லி மீட்பரை அழைக்கும் பழைய வழக்கம் உண்டு. டிசம்பர் 20 மாலைக்கு உரியது தாவீதின் திறவுகோல் என்ற அழைப்பு. பூட்டியதை எவரும் திறக்க முடியாத, திறந்ததை எவரும் பூட்ட முடியாத அந்தத் திறவுகோல் வந்து, இருளில் அமர்ந்திருக்கும் சிறைக்கைதியைச் சிறைவீட்டில் இருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அதன் கருத்து. கட்டளைச் செபத்தைத் தவறவிடாத குரு ஒருவர் எந்த ஆண்டும் எந்த ஊரிலும் அன்று மாலை இதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்டியில் காவலுக்குள் இருந்தவருக்கும் அது தப்பியிருக்காது. ஐரோப்பிய மடங்களில் ஆயிரம் பேர் உவமையாகச் சொன்னதை அவர் உள்ளபடியே சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நாள், டிசம்பர் 21 மாலை, உதயசூரியனை அழைக்கும் முறை. அது வடக்கு நாடுகளில் ஆண்டின் மிக நீண்ட இரவு. அந்தச் செபங்கள் பிறந்ததும் பனியும் இருட்டும் கூடிய அப்படியான நாடுகளில்தான். கண்டியிலோ பகல் அப்படிச் சுருங்குவதில்லை. மழையும் மூடுபனியுமே உண்டு. இருட்டு நேரத்தால் வருவதல்ல என்பதை அறிந்துகொள்ள அவர் இருந்த இடமே போதும்.

மழை அற்புதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதை எல்லோரும் அறிவார்கள். 1693 இல் கடும் வறட்சி. பிக்குகளின் சடங்குகள் பலிக்காமல் போக, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரிடம் கேட்டனுப்பினான். அவர் வெளியில் பீடம் அமைத்து முழந்தாளிட்டார், மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்கிறது மரபு. இதை விரிவாகச் சொன்ன முதல் அச்சுச் சரிதம், கோவா சபையைச் சேர்ந்த செபஸ்தியாவோ தோ றேகோ எழுதி 1745 இல் லிஸ்பனில் வெளிவந்தது, அடிகளார் இறந்து 34 ஆண்டுகளின் பின். ஊடகக் கற்கை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், கதையைச் சொல்பவர் யார், எப்போது சொல்கிறார் என்று கேள் என்பது. நனைந்தாரா இல்லையா என்பதை அவரவர் விசுவாசத்துக்கு விட்டுவிடுகிறேன். அதன் பிறகு அரசன் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தான் என்பதே எனக்கு முக்கியம். முதலில் மகாவலி கங்கையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பிறகு அதுவும் தளர்ந்தது. தீவு முழுவதும் போய்வர முடிந்தது.

அந்த அரசன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அரக்கான் தேசத்தில் இருந்து பிக்குகளை வரவழைத்து, அழிந்துபோன உபசம்பதாவை 1697 இல் மீட்ட, பௌத்தத்தில் ஊறிய அரசன் அவன். ஒரு கிறிஸ்தவ அரசு துரத்திய கிறிஸ்தவருக்குப் பௌத்த அரசன் இடம் கொடுத்தான். ஒல்லாந்தருக்கு எதிரான அவனது அரசியல் கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்தாலும் இந்தத் தீவில் அப்படியும் ஒரு காலம் இருந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

1697 அளவில் கோவாவில் இருந்து இரண்டு குருக்கள் வந்து சேர்ந்தார்கள், யோசே டி மெனேசெஸ், யோசே கர்வாலோ. இரண்டாமவர் அடிகளாரின் மருமகன். பத்து ஆண்டுகளாகத் தனியே இருந்தவருக்கு, பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட இன்னொரு குரு இல்லாதிருந்தவருக்கு, அது எவ்வளவு பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதலுக்கு நேரம் இருக்கவில்லை. அதே ஆண்டு கண்டியில் பெரியம்மை வந்தது.

அரசன் நகரை விட்டுப் போனான். வசதியுள்ளவர்களும் போனார்கள். அம்மை கண்டவர்களை வீட்டார் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மருந்தில்லாத நோய், வீட்டில் வேறு பிள்ளைகள். 2009 இல் காயப்பட்டவர்களைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்களோடு நடந்தவர்களை நாங்கள் அறிவோம். அப்படி நடந்தவர்களின் இரவுகளையும் அறிவோம்.

அடிகளாரும் கர்வாலோவும் நகரிலேயே நின்றார்கள். காட்டுக்குள் விடப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். ஓலைக் குடிசைகள் போட்டார்கள். சோறும் மருந்தும் கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களுக்குக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா பௌத்தரா, சிங்களவரா தமிழரா என்று பார்க்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாளல்ல, ஓராண்டளவு இது நடந்தது. அடிகளார் இல்லாவிட்டால் தெருவெல்லாம் பிணங்களாகக் கிடந்திருக்கும் என்று அரசன் பிறகு சொன்னதாகச் சரிதம் சொல்கிறது. மழையை நம்பாதவர்கள் கூட இதை நம்பலாம்.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது அந்தப் புதைகுழிகள்தான். கைவிடப்பட்ட, உரிமை கோர எவரும் வராத உடல்களை, ஒவ்வொன்றாக, பெயருக்குரிய மனிதராக நினைத்து மண்ணுக்குள் வைப்பது. அதைச் செய்ய யாரும் இல்லாமல் போன ஒரு கரையில் இருந்து வந்தவர்கள் நாங்கள்.

அதன் பின் வந்த ஆண்டுகளை விரைவாகச் சொல்லலாம். புத்தளம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று கால்நடையாகவே அலைந்தார். தீவைப் பகுதிகளாகப் பிரித்துக் குருக்களை நியமித்தார். கண்டியில் ஆலயம் எழுந்தது. 1705 இல் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற இளம் குரு வந்தார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, இரு மொழிகளிலும் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். அடிகளாரை ஆயராக்கும் பேச்சும் வந்தது. அவர் மறுத்துவிட்டார். எங்கு போனாலும் அதே நேர ஒழுங்குதான். விடியும் முன் எழும்புதல், தியானம், பூசை, நோயாளர், மாலையில் ஆன்ம சோதனை. மடம் அவர் நடந்த இடமெல்லாம் கூடவே போனது என்று சொன்னால் மிகையில்லை.

1707 இல் இரண்டாம் விமலதர்மசூரியன் இறந்து, மகன் வீர நரேந்திரசிங்கன் அரசனானான். அவனும் அடிகளாரை மதித்தான். 1710 இல் உடல் தளர்ந்துவிட்டது. காய்ச்சல் விடவில்லை. நடந்தே பழகிய மனிதர் படுக்கையில் விழுந்தார். அவருடைய கடைசிக் குளிர்காலம் கண்டியிலேயே கழிந்தது. அதே திருவருகைக் காலம், அதே ஏழு மாலைகள், ஆனால் இம்முறை காவல் இல்லை, சுற்றிலும் சகோதரக் குருக்கள். நத்தார் கடந்தது, மூவரசர் திருநாள் கடந்தது. 1711 ஜனவரி 16 அன்று இறந்தார். 60 வயது நிறையவில்லை. இலங்கைக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தடவைகூடக் கோவாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கண்டி ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

1740களில், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில், காற்று மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் இராச்சியத்தில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. கண்டி ஆலயமும் போனது. நூறாண்டின் பின், 1845 முதல், சில்வெஸ்டர் சபையைச் சேர்ந்த பெனடிக்ட் துறவிகள் இலங்கைக்கு வரத் தொடங்கினார்கள். கண்டி மறைமாவட்டத்தை வளர்த்தவர்கள் அவர்கள். 1893 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக அம்பிட்டியவில் குருமடம் ஒன்றை நிறுவினார். இன்று அந்த மலைப்பக்கம் போனால் மணியோசை கேட்கும். கோவாவில் உள்ளூர் மனிதருக்குத் திறக்காத கதவு, கண்டியில் உள்ளூர்த் துறவிகளாலேயே காலையில் திறக்கப்படுகிறது.

1995 ஜனவரி 21 அன்று இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதல் புனிதர். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்குப் பறந்தார். ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து மாதா சொரூபத்தோடு ஓடிய மக்கள் காட்டுக்குள் உண்டாக்கிய இடம் மடு. அதே சொரூபத்தை 2008 ஏப்ரலில் எறிகணைகளுக்கு நடுவே குருக்கள் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்ததும் எங்கள் கண் முன்னே நடந்தது. அந்தப் பிற்பகல் மடு வெளியில் கூடிய சனத்தில் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்த தாய்மாரும் இருந்தார்கள்.

ஜனவரி 16 அவருடைய திருநாள். கண்டியிலும் சில்லாலையிலும் பூசை நடக்கும். பலருக்குக் குழி வெட்டிய அந்த மனிதரின் கல்லறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மக்கள் மெழுகுதிரியை அவருடைய சொரூபத்துக்கு முன்னால் ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள்.